பருவத்துக்கு ஒரு படம்

பறவைகள் சரணாலயத்து ஏரிக்கரையில் நின்ற அத்தி மரத்தை, பருவத்துக்கு ஒன்றாக ஒன்பது வருடம் ஒரே இடத்தில் நின்று படமெடுத்திருக்கிறேன். கார் நிறுத்த இடம் போதவில்லை என்று போன மாதம் அதை வெட்டிவிட்டார்கள். மிஞ்சிய அடிக்கட்டையையாவது எடுப்போம் என்று எடுத்தேன். படத்தில் மரம் முழுசாக நின்றது.

கொண்டுபோய், வெட்டச் சொன்ன சரணாலய அதிகாரியிடம் காட்டினேன்.

"பழைய படத்தைக் காட்டி யார் காதுல பூ சுத்துறீங்க? மரம்னா நாலு போகும், நாலு வரும். போய் வேலையைப் பாருங்கம்மா."

"அப்போ நீங்களே வந்து நில்லுங்க சார். உங்க கண்ணு முன்னாடியே எடுக்கறேன்."

சிரித்துக்கொண்டே வந்தார். அடிக்கட்டைமேல் ஏறி, இடுப்பில் கைவைத்து, புலியைச் சுட்டவர் மாதிரி நின்றார். உச்சி வெயில். எடுத்தேன்.

படத்தில் மரம் நின்றது, புதுத் தளிரோடு. அதிகாரி இல்லை. அடிமரத்தில், நெஞ்சு உயரத்தில், பட்டைக்குள் பாதி புதைந்து ஐந்து சட்டைப் பொத்தான்கள்.

"ஆச்சாம்மா?" என்றவர் குனிந்து பார்த்தார். "என்னது இது, காலைத் தூக்கவே முடியலையே. கொஞ்சம் கை குடுங்க."

கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன்.

"அப்படியே நில்லுங்க சார். மழைக்காலத்துல வந்து இன்னொண்ணு எடுக்கறேன்."