யானை மார்க் கரும்புச்சாறு

யானை மார்க் கரும்புச்சாறு என்று பலகை மாட்டி, முள்ளம்பன்றி ஒரு கடை நடத்தி வந்தது. பெயரும் மெஷினும் யானை கொடுத்தவை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க யானை ஒரு தாளோடு வந்தது.

“இதுவரைக்கும் நடந்த எதுக்கும் நானோ என் வீட்டாரோ யானைமேல குறை சொல்ல மாட்டோம்னு எழுதியிருக்கு. கால் வை.”

பலகை போய்விடுமோ என்ற பயத்தில் முள்ளம்பன்றி காலைப் பதித்தது.

உள்ளேயிருந்து அதன் மனைவி வந்தது. “அண்ணே, உங்க மெஷின் சக்கரம் என் முதுகு முள்ளையெல்லாம் பிடுங்கிடுச்சு. பாருங்க.”

“வீட்டார்னு போட்டிருக்கேம்மா. உன் புருஷன் கால் வெச்சாச்சே!”

“அது அவர் கால். என் கால் என்கிட்டதான் இருக்கு.”

யானை அந்த வழுக்கை முதுகைப் பார்த்தது. பிறகு தும்பிக்கையை விட்டுச் சக்கரத்தைச் சரிசெய்தது. முள் சிக்காதபடி அதன் மேலே ஒரு தகரத்தையும் மாட்டியது. முதல் டம்ளர் சாறு யானைக்குத்தான் கிடைத்தது.

குடித்து முடித்ததும் தாளை நீட்டியது. “இப்போ நீயும் கால் வைக்கலாமே?”

“இப்போதான் குறையே இல்லையே அண்ணே, எதுக்கு?”

யானைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மெஷினின் கால் அடியில் செருகியது.

அன்றுதான் அந்த மெஷின் ஆடாமல் நின்றது.