மொந்தைப் பரீட்சை

“அப்பனும் குடிச்சே செத்தான், தாத்தனும் குடிச்சே செத்தான். உனக்கு மட்டும் ரத்தத்துல மோரா ஓடுது?” என்று கேட்டார் பச்சையப்பன்.

பெண் கேட்டு பாகூரிலிருந்து வில்லியனூருக்கு வண்டி கட்டி வந்திருந்த அரங்கநாதன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மா தையலம்மாள் விடவில்லை.

“தாயைப் போல புள்ளன்னு சொல்லுவாங்கண்ணே. எம்புள்ள என்னை மாதிரி. ஒரு சொட்டு தொட்டதில்ல.”

“இதுவரைக்கும் தொடல. நாளைக்கு? பிரெஞ்சுக்காரன் தெருவுக்குத் தெரு கடைய தொறந்து வெச்சிருக்கான். குடி வம்சத்துல வர்றது தங்கச்சி. எங்க வூட்டு ஆம்பளைங்க ஒருத்தனும் தொட்டதில்ல. வர்ற மாப்ளயும் அப்படித்தான் இருக்கணும்.”

வந்த வரன்களையெல்லாம் ஒரே பரீட்சையில் கழித்துக் கட்டியவர் அவர். அரங்கநாதனையும் நெல் குதிர் இருந்த அறையில் உட்கார வைத்தார். எதிரே ஒரு மொந்தை கள். கள் நின்ற மட்டத்தில் உள்ளே ஒரு கரிக்கோடு.

“மாடு திரும்புற நேரத்துல தொறப்பேன். கோட்டுக்குக் கீழ எறங்கியிருந்தா, அப்டியே வண்டிய கட்டு.”

கதவு சாத்தப்பட்டது. கள் வாசனை அறையை நிறைத்தது. அரங்கநாதனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. ஏரி மதகடியில் விழுந்து கிடந்த அப்பாவைத் தூக்கி வந்த நாள் ஞாபகம் வந்தது. தேரோட்டத்தில் பார்த்த பச்சையப்பன் மகள் அமுதத்தின் முகமும் வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் கதவு திறந்தது. கள் கோட்டிலேயே நின்றது.

பச்சையப்பன் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார். “எங் கொலசாமி! நீதான்டா எம் மாப்ள!”

தையலம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. “இன்னா சம்பந்தி, குடிகாரனையே பாக்காத வூடு. இதுக்குப் போயா இப்டி அழுவுறீங்க?”

பதில் அடுப்பங்கரையிலிருந்து வந்தது, அமுதத்தின் குரலில்.

“அப்பா! சோதனை முடிஞ்சிதுன்னா மொந்தைய இப்டி தள்ளு. புளிச்சிப் பூடப் போவுது. அம்மா எப்பவோ கொட்டாங்கச்சியோட உக்காந்துடுச்சி!”

பச்சையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க சொன்னதுதான் சம்பந்தி, தாயைப் போல புள்ள. வூட்டுக்கு ஒருத்தராவது தெளிவா இருக்கணும்ல?”