ஓசிப் பாட்டு

“உங்க பையன் ஒரு திருடன்!” என்றார் கல்லூரி முதல்வர், எதிரே உட்கார்ந்திருந்தவரின் கழுத்தைப் பார்த்தபடி.

இடது தாடைக்குக் கீழே கறுத்துத் தடித்த ஒரு தழும்பு. கத்தி பட்டதா, கயிறு இறுக்கியதா என்று முதல்வரால் தீர்மானிக்க முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். அப்பன் எட்டடி பாய்ந்திருந்தால் பிள்ளை பதினாறடி பாய்வதில் என்ன ஆச்சரியம்!

“என்ன சார் எடுத்துட்டான்?” அப்பாவின் குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

“பாட்டு!”

சுவரோரம் நின்ற பையன் தன் செருப்பின் வாரை ஆராய்ந்துகொண்டிருந்தான். கடைசி வருடப் படிப்பு. விடுதி இன்டர்நெட்டில் திருட்டுத்தனமாகப் பாட்டு இறக்கியிருக்கிறான். ஒன்றா, இரண்டா, ஒரு லாரி பிடிக்கும்.

பாட்டுக்கு உரிமை வைத்திருந்த கம்பெனி மோப்பம் பிடித்துவிட்டது. ஆள் மேல் நடவடிக்கை எடுக்கிறீர்களா, இல்லை கல்லூரி மேலேயே வழக்குப் போடட்டுமா என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. அன்றிலிருந்து முதல்வருக்குத் தூக்கம் போய்விட்டது. சட்டத்தின் மேல் இருந்த பக்தியால் அல்ல. வழக்கில் முதல் பெயர் அவருடையது என்பதால்.

“பாட்டு மட்டுமா சார் வந்துச்சு? கூடவே வைரஸும் வந்துச்சு” என்றார் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த கணினித் துறைத் தலைவர். “ஹாஸ்டல்ல பாதி கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. மீதியில யாரோ ஒரு பொண்ணு ‘ஹலோ’ன்னு வந்து சிரிக்குது. ஒவ்வொண்ணா நான்தான் உக்காந்து மூட வேண்டியிருக்கு.” அப்படியொன்றும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

முதல்வர் தொண்டையைச் செருமினார். “ஒரு பாட்டுக்குப் பின்னாடி எத்தனை பேர் உழைப்பு தெரியுமா சார்? எழுதறவன், பாடறவன் எல்லாம் இருக்கட்டும். மூலையில உக்காந்து எதையோ தட்டிக்கிட்டு, இழுத்துக்கிட்டு இருப்பான் பாருங்க, பேரு கூடத் தெரியாத ஒருத்தன்… அவன் வயித்துல அடிக்கிறான் உங்க பையன்!”

அந்த நேரம் பார்த்து முதல்வரின் கைபேசி புத்தம் புதுப் படப் பாட்டு ஒன்றைப் பாடியது. அவசரமாக அணைத்தார். அதை எந்தக் கடையில் காசு கொடுத்து வாங்கினார் என்று கேட்கும் துணிச்சல் அந்த அறையில் யாருக்கும் இல்லை.

“நீங்க சொல்றது நியாயம் சார். தப்பு தப்புதான்” என்றார் அப்பா.

முதல்வருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்கு மேல் வாதாடுவதற்கென்று நாலைந்து வசனம் மீதி வைத்திருந்தார்.

“ஒரு செமஸ்டர் சஸ்பெண்ட். எல்லாப் பாட்டையும் எங்க கண்ணு முன்னாடி அழிச்சாகணும்.”

“அழிச்சுடலாம் சார். அதுக்கு முன்னாடி, என்ன பாட்டுன்னு ஒரு தடவை கேக்கலாமா?”

“அதுதான் எனக்கும் புரியல” என்றார் துறைத் தலைவர். “இந்த வயசுப் பசங்க கேக்கற பாட்டு ஒண்ணு கூட இல்ல. எல்லாம் வந்த வேகத்துல பெட்டிக்குள்ள போன பழைய படம். கடையிலயும் கிடைக்காது, ரேடியோவுலயும் வராது. திருடறதுதான் திருடறான், நல்லதாப் பாத்துத் திருடக் கூடாதா?”

லேப்டாப்பில் ஒரு பாட்டைத் தட்டினார். பாடகியின் குரல் ஓய்ந்த இடத்தில், வயலின் ஒன்று தனியாகக் கிளம்பி மேலே மேலே போனது.

அப்பா கண்ணை மூடியிருந்தார். அவருடைய இடது கை விரல்கள் நாற்காலியின் கைப்பிடியில் ஓடின. வயலின் திரும்புவதற்கு ஒரு கணம் முன்னதாகவே விரல் திரும்பியது.

பையன் முதல் முறையாகத் தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான்.

“அடுத்ததையும் போடுங்க சார்.”

அதிலும் அதே வயலின். அதற்கு அடுத்ததிலும்.

“என்ன சார், விசாரணைக்கு வந்தீங்களா, கச்சேரிக்கு வந்தீங்களா?” முதல்வர் மேஜையைத் தட்டினார்.

“இந்த வயலின் நான் வாசிச்சது சார்” என்றார் அப்பா, வருடக்கணக்காக வயலின் அழுத்திக் கறுத்த தாடைத் தழும்பைத் தடவியபடி. “மூணுலயும்.”

திறந்த வாயை மூட முதல்வருக்குச் சற்று நேரம் பிடித்தது. மூடிய வாய் உடனே மலர்ந்தது. “அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, கேஸு முடிஞ்சுது!”

“எனக்கு ஏது சார் உரிமை? அன்னன்னிக்கு வாசிச்சோம், கூலி வாங்கிட்டு வந்தோம். பாட்டு கம்பெனியோடது. அவங்க கேக்கறது சட்டப்படி சரி. நீங்க தண்டனையைக் குடுங்க.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல்வருக்கே மனசு கேட்கவில்லை. “பெத்த அப்பன் உழைப்பையே திருடியிருக்கான். உங்களுக்குக் கோவமே வரலையா சார்?”

அப்பா எழுந்துபோய்ப் பையனின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

“வீட்ல நான் வயலினை எடுத்தாலே கதவைச் சாத்திக்கிட்டுப் போறவன் சார்… திருடியாவது கேட்டிருக்கானே!”