வலப் பக்கம் காலி

ஐந்தாவது கேம் கார்டையும் எடுத்துக்கொண்டான்.

ஆட்ட மெஷினின் விளிம்பில் அவை ஒழுங்காகக் கிடந்தன. நீலம், பூனைப் படம், சிவப்பு, மூலை உடைந்தது, பெயர் ஒட்டியது. பக்கத்தில் யாரும் இல்லை.

யாரோ ஐந்து பேர் மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கார்டைத் தொலைத்தால் என்ன பாடு என்று அவனுக்குத் தெரியும். போன வருடம் அவன் அறையில் தங்கியிருந்த சின்னக்கண்ணு வேலை பெர்மிட் கார்டைத் தொலைத்துவிட்டு மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தான்.

ஓட்டமும் நடையுமாகப் போய்க் கவுண்டரில் கொடுத்தான். அங்கிருந்த பெண் வாங்கி ஒரு டப்பாவில் போட்டாள்.

திரும்பி வந்து மெஷின் முன்னால் நின்றான்.

ஏழு ஞாயிற்றுக்கிழமைகளாகத் தேடிய மெஷின். சிங்கப்பூரில் எந்த மால், எந்த மாடி என்று தெரியாது. ஓரிடத்தில் பொம்மை பிடிக்கும் மெஷின்கள் மட்டும். ஓரிடத்தில் கேம் சென்டரையே மூடிவிட்டு ஜவுளி வைத்திருந்தார்கள். முந்தாநாள்தான், முன்பின் தெரியாத ஒருவர் இணையத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தான். மூன்றாவது மாடி, எஸ்கலேட்டருக்குப் பின்னால். ஞாயிறு மதியம் போனால் ஆட்கள் இருப்பார்கள்.

ஆட்கள் இருப்பார்கள். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தான்.

இரண்டு வருடமாக மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் ஆடியிருக்கிறான். பாட்டோடு வந்து விழும் வட்டங்களைத் தாளம் தப்பாமல் கட்டைவிரலால் தட்ட வேண்டும். இருவர் ஆட்டம் என்று ஒன்றும் அதில் உண்டு. அதைத் தொட்டால் மறுபக்கம் கம்ப்யூட்டர்தான் வந்து நிற்கும். இந்த மெஷினில் அதே ஆட்டத்தை இடமும் வலமுமாக இருவர் நின்று கையால் அடித்து ஆடலாம்.

ஒரே ஒரு தடவை. பக்கத்தில் ஒரு மனுஷரோடு.

வியாழக்கிழமை ஊருக்கு விமானம். பெர்மிட்டைக் கம்பெனி புதுப்பிக்கவில்லை. இதுதான் கடைசி ஞாயிறு. அதிலும் ஆறு மணி ஷிஃப்டுக்கு, ஐந்து மணிக்குக் கீழே பஸ் வந்துவிடும்.

இடப் பக்கம் ஏறி நின்றான்.

"பிரதர்! ஹலோ!"

பின்னால் பெஞ்சிலிருந்து ஐந்து பேர் எழுந்து வந்தார்கள். கையில் குளிர்பானம். அவர்களில் ஒருத்தி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள்.

"அண்ணே, இங்க இருந்த கார்டெல்லாம் எங்க?"

"யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு... கவுண்டர்ல குடுத்துட்டேன்."

"ஐயோ. அதுதாண்ணே லைன். கார்டு இருந்தா ஆள் நிக்கிற மாதிரி."

அவன் மறுபடியும் கவுண்டருக்கு ஓடினான்.

டப்பாவிலிருந்து கார்டுகள் கலைந்து வந்தன. யாருக்குப் பின்னால் யார் என்று பேச்சு தடித்தது. ஆங்கிலம், சீனம், மலாய். அப்படியே நழுவிப் போய்விடலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

"நீலம் முதல்ல," என்றான்.

ஐந்து பேரும் திரும்பினார்கள்.

"அப்பறம் பூனை. செவப்பு. மூலை ஒடஞ்சது. கடேசியா பேர் ஒட்டுனது."

கப்பல் பட்டறையில், கழற்றிய போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே வைப்பவன். அவன் கேட்காமலே கண் குறித்துக்கொள்ளும்.

தொப்பி போட்டவன் என்னவோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் புரியாமல் சிரித்து வைத்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. இனிமே உங்களையே லைனுக்கு மேனேஜராப் போட்டுடலாங்கிறான்." மூலை உடைந்த கார்டு அவளுடையது. பெயர் ஷர்மினி என்றாள். "நீங்க ஆறாவது. கார்டு இல்லாட்டி என்ன, நான் ஞாபகம் வச்சுக்கிறேன்."

மணி நாலேகால். ஆளுக்கு மூன்று பாட்டு, பத்து நிமிடம். முன்னால் ஐந்து பேர்.

இரண்டு முறை கூட்டிப் பார்த்தான். இரண்டு முறையும் ஐந்து மணி தாண்டியது.

செய்த காரியத்துக்கு, என்னை முன்னால் விடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். நீலம் ஆடி முடித்தது. பூனை ஆடி முடித்தது. சிவப்பு ஆடும்போது சுவர்க் கடிகாரத்தை நாலாவது தடவையாகப் பார்த்தான்.

"என்னண்ணே, டியூட்டியா?"

"அஞ்சு மணிக்கு பஸ்சும்மா."

ஷர்மினி கடிகாரத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

நாலேமுக்காலுக்கு அவள் முறை வந்தது. இடப் பக்கம் போய் நின்றாள். பாட்டு எதையும் தொடவில்லை. திரையில் வினாடிகள் குறைந்துகொண்டே வந்தன.

வலப் பக்கத்தைக் கையால் தட்டினாள்.

"காலியாத்தானே இருக்கு. எந்தப் பாட்டு, சொல்லுங்க."

போனில் மனப்பாடமாகிப் போன ஒன்றைக் காட்டினான். அவள் தன் கையுறைகளில் ஒன்றைக் கழற்றி நீட்டினாள். வேண்டாம் என்றான். அவன் உள்ளங்கை ஏற்கெனவே தடித்துத்தான் இருந்தது.

முதல் வரி முழுவதையும் தவறவிட்டான். கட்டைவிரலுக்குத் தெரிந்தது தோளுக்குத் தெரியவில்லை.

"ஸ்கிரீனை விடுங்கண்ணே. பாட்டைக் கேளுங்க."

கேட்டான்.

நடுவில் ஓரிடத்தில் இடது அடித்துவிட்டு நிற்கும். வலது பதில் சொல்ல வேண்டும். போனில் அந்த இடத்தை எப்போதும் பாதியாகத்தான் ஆடியிருக்கிறான்.

அவள் அடித்தாள்.

அவன் அடித்தான்.

அவள்.

அவன்.

பிறகு எந்தச் சத்தம் யார் கை என்று தெரியவில்லை. பின்னால் பெஞ்சில் பேச்சு நின்றிருந்தது.

பாட்டு முடிந்தது. நாலு ஐம்பது.

"இன்னும் ரெண்டு இருக்கே?"

"பஸ்சு..."

"சரி, ஓடுங்க ஓடுங்க. அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு வந்துடுங்க. உங்களுக்கு லைன் பிடிச்சு வைக்கிறேன்."

வியாழக்கிழமை என்ற சொல் வாய்வரை வந்தது.

"கொஞ்சம் லேட்டாகும்மா," என்றான்.

"பரவால்ல. வெயிட் பண்றோம்."

எஸ்கலேட்டரில் கால் வைத்தபோது மேலே இரண்டாவது பாட்டு தொடங்கிவிட்டது. அவள் அடிப்பது கேட்டது. அடித்துவிட்டு அவள் நிற்பதும் கேட்டது.

நகரும் கைப்பிடியில் தன் பங்கை அடித்துக்கொண்டே இறங்கினான்.