அரைக் கட்டை

"நிறுத்துங்க! வில்லு, நீ பிடிச்ச சுருதி அரைக் கட்டை மேல நிக்குது."

பாட்டு பாதியில் நின்றது. கிதார்க்காரர் வீட்டு கார் ஷெட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எப்போதோ கலைந்துபோன மெல்லிசைக் குழு. ஞாயிற்றுக்கிழமை, முதல் கச்சேரி நடந்த அதே அரங்கில் மறுபடி ஒரே ஒரு நிகழ்ச்சி. மற்றவர்கள் சில மாதங்களாகவே ஒத்திகை பார்க்கிறார்கள். பாடகி வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தது நேற்றுதான். மைக்கை வாங்கினால் திருப்பித் தரமாட்டார் என்பதால் அந்த நாளிலிருந்தே மைக்கக்கா.

வயலின்காரர் வில்லு சிரித்தார். "என் காதை வச்சுத்தானே அக்கா அப்போ எல்லாரும் சுருதி சேர்ப்பீங்க?"

உண்மைதான். வேனில் ஸ்பீக்கர் பெட்டிகள் மேல் தூங்கிக்கொண்டு போன நாட்களில், எதிரே வரும் லாரியின் ஹாரன் என்ன சுருதி என்று கண்ணைத் திறக்காமலே சொல்லுவார்.

"அந்தக் காது போயிடுச்சு. என் தொண்டைக்குத் தெரியாதா?"

"எங்களுக்குச் சரியாத்தான் கேக்குது அக்கா," என்றார் கீபோர்டுக்காரர்.

"பிரமாதமா இருக்கு," என்றார் டிரம்ஸ்காரர்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வா. இல்லேன்னா, ஒண்ணு நீ மேடையில இரு, இல்ல நான் இருக்கேன்," என்றார் மைக்கக்கா.

வில்லுவின் முகம் தொங்கிவிட்டது. "இந்த ஒரு நாளுக்காகத்தான் வயலின் வில்லுக்குப் புது முடி போட்டு வச்சிருக்கேன்..."

கிதார்க்காரர் டிரம்ஸ்காரர் காதைக் கடித்தார். "அப்பவே வயலினுக்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி. அந்த வயித்தெரிச்சல் இன்னும் அடங்கலை பாரு."

மறுநாள் காலை, மருத்துவமனை பெஞ்சில் வில்லு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஞாபகம் இருக்கா?" என்றார் மைக்கக்கா. "மழையில கரண்ட் போச்சு. நீ ஒத்தை வயலின், நான் வெறும் தொண்டை. ஒரு ஆள் எழுந்து போகலை."

"அப்போ மட்டும் என் காது நல்லா இருந்துச்சாக்கும்."

டாக்டர் காதைப் பார்த்தார். குறை ஒன்றுமில்லை.

"ரேடியோல பழைய பாட்டெல்லாம் கொஞ்சம் இறங்கித்தான் கேக்குது டாக்டர். நமக்கு வயசானா பாட்டுக்கும் வயசாகும்னு விட்டுட்டேன்," என்றார் வில்லு.

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"முகத்துல நரம்பு வலிக்கு ஒண்ணு. வலி சுத்தமா நின்னுடுச்சு."

டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப அபூர்வமா, சிலருக்கு இதனால எல்லாச் சத்தமும் இறங்கிக் கேக்கும். உங்க காதுக்குச் சரியா வர்ற வரைக்கும் நீங்க தந்தியை முறுக்கியிருக்கீங்க. தலைசுத்தல் உண்டா?"

"நடந்தா லேசாத் தள்ளும். வயசுதானேன்னு..."

"எல்லாத்தையும் வயசு தலையிலேயே கட்டாதீங்க. ரத்தம் கொடுங்க, பாத்துடலாம்."

முடிவு வந்ததும் டாக்டரின் குரல் மாறியது.

"ரத்தத்துல சோடியம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. இதுவும் மாத்திரையோட வேலையாத்தான் இருக்கணும். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா வலிப்பு வந்து விழுந்திருப்பீங்க. உயிருக்கே ஆபத்து. இப்பவே அட்மிட் ஆகுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்த வேண்டாம், நாங்க பாத்து மாத்துறோம்."

"ஞாயித்துக்கிழமை கச்சேரி டாக்டர்!"

"ரத்தம் எடுக்கச் சொன்னப்பவே அரங்கத்துக்குப் போன் பண்ணித் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லிட்டேன்," என்றார் மைக்கக்கா. "நீ இல்லாம என்னய்யா கச்சேரி?"



டாக்டருக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. "மாசக்கணக்கா இவர் சுருதி மாறி வாசிச்சிருக்கார். கூட இருந்த ஒருத்தருக்குமா தெரியலை?"

"முதல் நாளே தெரியுமாம் டாக்டர். நேத்து ராத்திரி நான் அவங்களைப் பிடிச்சு உலுக்கினப்புறம்தான் சொன்னாங்க. இவர் மனசு நோகக் கூடாதுன்னு, இவருக்குத் தெரியாம கீபோர்டு, கிதார் எல்லாத்தையும் அரைக் கட்டை ஏத்தி வச்சுட்டு, பிரமாதம் பிரமாதம்னு சொல்லிட்டு இருந்திருக்காங்க. எல்லாரும் தங்கமானவங்க."

"நீங்க?"

மைக்கக்கா வில்லுவின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் அவ்வளவு நல்லவ இல்ல டாக்டர்."