கழுத்தளவு

வெள்ளம் வடிந்ததும், சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் ஆபிசர் வருவதாகப் போன் வந்தது. வருகிற மனுஷரைச் சேற்றிலா நிற்க வைப்பது என்றாள் என் மனைவி செல்லக்கிளி. ஊறிய மெத்தையைக் குப்பை வண்டியில் ஏற்றினோம். துருப்பிடித்த அவளுடைய தையல் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டோம். இன்சூரன்ஸ் பணம் வந்தால்தான் இன்னொரு மெஷின். சுவரில் வெள்ளம் நின்ற கோட்டை நானே தேய்த்து, மேலே சுண்ணாம்பும் அடித்தேன்.

வந்தவர் வாசலிலேயே ஷூவைக் கழற்றினார்.

“புது வீடாட்டம் இருக்கேம்மா. தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?”

செல்லக்கிளி சுவரோரம் நின்று, கழுத்துக்கு நேராகக் கையைப் பதித்தாள். “இதுவரைக்கும் சார்.”

“கோடே இல்லையே. நான் எதைப் போட்டோ எடுக்கறது?”

“நீங்க வர்றீங்கன்னுதான் சார் அழிச்சோம்” என்றேன்.

அவர் சுண்ணாம்புச் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். “கையை எடுக்காதீங்கம்மா.” ஒரு படம் எடுத்தார். “அனுப்பிப் பாக்கறேன். ஆபிஸ்ல ஒத்துக்கணும்ல.”

அவர் வண்டி தெருமுனை திரும்பிய பிறகும் அவள் அப்படியே நின்றாள்.

“போயிட்டாரு புள்ள. கையை எடு.”

“எடுத்தா அளவு போயிடும்யா” என்றாள்.