நான்காவது தோட்டா

முதலில் நாக்கை உள்ளே தள்ளினாள்.

பிறகு மூக்கிலிருந்து வழிந்த ரத்தம். மௌஸை நாலு இழுப்பு இழுத்ததும் அதுவும் போய்விட்டது.

திரையில் ஆப்பிரிக்கக் காட்டெருமை ஒன்று செத்துக் கிடந்தது. தலை பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. அதன் முதுகில் முழங்கையை ஊன்றி ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். விரல்களுக்கிடையே ஒரு தோட்டா. அவளுடைய நடுவிரலைவிட நீளம்.

என்ன சிரிப்பு அது! பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தவன் மாதிரி.

தோட்டா கம்பெனியின் விளம்பரம். பெரிய மிருகங்களைச் சுடுவதற்கான மேக்னம் ரகம். மேலே கொட்டை எழுத்தில், 'ஒன்றே போதும்.'

கீழே அவளுக்கான குறிப்பு. 'மொத்தம் நான்கு குண்டுக் காயங்கள். தோளில் இருப்பது இருக்கட்டும். மற்ற மூன்றும் தெரியக் கூடாது.'

ஒன்றே போதுமாம். தூ!

கோயம்புத்தூரில் ஏசி அறையில் உட்கார்ந்து இந்தக் கர்மத்தை அவள் துடைக்க வேண்டும். ஏற்கெனவே அவள் செய்த இரண்டு படங்கள் சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டன. இதுவும் வந்தால் நாளையிலிருந்து வேலை கிடையாது.

வயிற்றில் ஒன்று. அழித்தாள்.

தொடையில் ஒன்று. அழித்தாள்.

மூன்றாவதைக் காணோம்.

கொம்பிலிருந்து வால்வரை அங்குலம் அங்குலமாகத் தேடினாள். இல்லை.

எருமையை விட்டுவிட்டு, பின்னால் இருந்த புல்லைப் பெரிதாக்கினாள். அங்கே கிடந்ததைக் கல் என்று நினைத்திருந்தாள்.

கல்லுக்குக் காது இருந்தது.

கன்று. கழுத்தில் ஓட்டை.

மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

டீம் லீடர் தாமோதரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். டீ கப்போடு வந்து குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, காயத்த மட்டும் எதுக்கு நோண்டிட்டிருக்கறீங்க? கன்னுக்குட்டியவே தூக்கிருங்க. வேலையும் சுளுவு."

தூக்கினாள்.

சுத்தமாகத்தான் செய்தாள். அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. கன்று கிடந்த இடத்தில் புல் வளர்ந்தது.

சாயங்காலம் தோட்டா கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பிரமாதம், திருத்தம் ஒன்றும் இல்லை.

வேலை தப்பித்தது.

பாத்ரூமுக்குப் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள். படம் திரையில் அப்படியே இருந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

எருமையின் தலையைத் திருப்பச் சொல்லி மட்டும் யாரும் எழுதவில்லை.

அது இன்னும் வெறும் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தது.